பியானோவுக்குள் ஒரு அட்டைத் துண்டு

ஆரம்பாக்கத்தில் காலை ரயில் ஏறினால் சென்ட்ரல் வர்ற வரைக்கும் பாட்டுதான் துணை. போன மாசம் இளையராஜாவுக்கு லீவு விட்டுட்டு, நூறு வருஷத்துக்கும் பழைய ஒரு ரெக்கார்டைப் போட்டேன். முதல் தடவை வெறும் கரகரப்பு. மூணாவது தடவைதான் கோயம்புத்தூர் தாயி கேட்டார்.

இயற்பெயர் பழனிகுஞ்சரம். 1872-ல் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். கோவையிலிருந்து சென்னை வந்து பெரிய பாடகியாகப் பெயர் எடுத்தார். கிராமபோன் வந்த புதிதில் பல வித்வான்கள் தயங்கினார்கள். தாயி ஏராளமாகப் பாடிக் கொடுத்தார். அப்போ மைக்கும் இல்லை, ஆம்ப்ளிஃபையரும் இல்லை. ஒரு பெரிய கூம்புக்குள் பாடணும். குரலின் காற்றழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். (ஈசிஇ-காரங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!) ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம். மணிக்கணக்கில் விரிக்க வேண்டிய ராகத்தை அதற்குள் அடக்கணும்.

1912-ல் மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியா வந்தார். ஷூ பாலிஷ் வியாபாரக் குடும்பம். இசையில் ராவெலின் மாணவர், ஸ்ட்ராவின்ஸ்கியின் நண்பர். ஐரோப்பாவில் பழைய இசை இலக்கணம் உடைந்துகொண்டிருந்த நேரம் அது. மறு வருஷம் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் புது பாலேவுக்கு அரங்கத்திலேயே ரகளை நடந்தது. புதுச் சத்தத்துக்கு எல்லாரும் அலைந்துகொண்டிருந்தார்கள். டெலாஜுக்கு அது தாயியின் குரலில் கிடைத்தது.

தாயி ராகமாலிகையாகப் பாடிய ஒரு வள்ளலார் பாட்டின் ரெக்கார்டை வைத்து 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு எழுதினார். இங்கேதான் சிக்கல். பியானோவில் ஒரு கட்டைக்கு ஒரே சுருதி, கமகம் வராது. வழுக்கி வர்ற குரலை அதில் எப்படிப் பிடிப்பது? முழுசாப் பிடிக்கலை என்பதுதான் என் காதுக்குப் பட்டது. ஆனா அந்த முயற்சியில் ஒரு வேலை பண்ணினார்: ஒரு ஸ்வரத்தின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி, சத்தத்தை மழுங்க வைத்தார். பியானோவுக்குள்ளேயே கைவைத்துப் புது ஒலி எடுப்பதில் பின்னாளில் அமெரிக்காவின் ஜான் கேஜ் புகழ்பெற்றார். டெலாஜ் அவருக்கு முன்னாடி.

தாயி 1917-ல் இறந்தார். வயசு நாற்பத்தைந்துதான். பியானோ ஸ்கோரில் இசையமைப்பாளர் என்று டெலாஜ் பெயர் இருக்கிறது. மேற்கத்திய நவீன இசையின் கதையை நம்ம ஆட்களே சொல்லும்போதும் பாரிஸிலும் வியன்னாவிலுமே முடிச்சுடுறாங்க.

தாயியின் ரெக்கார்டுகளும் 'ராகமாலிகா'வும் நெட்டில் கிடைக்கும். தாயியை முதல்ல கேளுங்க. கரகரப்புக்குப் பயந்து பாதியில் நிறுத்திடாதீங்க.