எழுதியபடி வாழ்ந்த இதழாளர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் செல்வாக்குடன் விளங்கிய ஆங்கில இதழ்கள் ஐரோப்பியர் கையில் இருந்தன. 1878இல் டி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டபோது, இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வருவதை அவை கடுமையாகச் சாடின. அதற்கு மறுமொழி கூற வலிமையான ஏடு இந்தியரிடம் இல்லை. அக்குறையைப் போக்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர் ஓர் இளம் பள்ளியாசிரியர். அவரே ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855இல் திருவையாற்றில் பிறந்த அவர், சென்னையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பள்ளிகளில் பணியாற்றினார். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தின் நண்பரான வீரராகவாச்சாரியாருடனும் சட்டம் பயின்ற மாணவர் நால்வருடனும் இணைந்து, 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' இதழைத் தொடங்கினார். கடனாகப் பெற்ற ஒன்றேமுக்கால் ரூபாயே முதலீடு. அச்சான படிகள் 80. வார இதழாகப் பிறந்த அது, 1883 முதல் வாரம் மும்முறை வெளிவந்து, 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழாயிற்று.

ஆங்கிலம் அறிந்தோர் சிலரே. நாட்டு நடப்பு எல்லார்க்கும் எட்ட வேண்டுமாயின் தாய்மொழியே வழி என உணர்ந்த அவர், 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில், ஆட்சிமுறையை ஆராய விசாரணைக் குழு வேண்டுமெனும் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

கைம்பெண் மறுமணத்தை வலியுறுத்தி எழுதிய அவருக்கு அவர் இல்லத்திலேயே சோதனை வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்வித்தார். உற்றாரும் நண்பர் பலரும் அவரை ஒதுக்கினர். ஆயினும் அவர் எழுத்து தளரவில்லை. நாளடைவில் வீரராகவாச்சாரியாருடன் கருத்து வேறுபாடு முற்றவே, தாம் வளர்த்த 'தி இந்து'வை விட்டு 1898இல் விலகினார்.

விலகிய மறு ஆண்டே 'சுதேசமித்திரன்' நாளிதழாக மலர்ந்தது. 1904இல் பாரதியாரை அதன் துணையாசிரியராக அமர்த்தினார். நாளிதழுக்காக நாள்தோறும் எழுதிய பழக்கம் பாரதியாரின் உரைநடைக்கு உரமாயிற்று. சுதேசமித்திரனில் வெளிவந்த எழுத்துகளுக்காக 1908இல் அரசு, நோயுற்றிருந்த ஐயரைக் கைது செய்தது. பின்னர் விடுதலை பெற்றாலும் உடல்நலம் தேறவில்லை. 1916 ஏப்ரல் 18 அன்று அவர் மறைந்தார்.

ஊருக்கு உரைத்த அறத்தை முதலில் தம் இல்லத்தில் நிறைவேற்றியவர் அவர். அதனாலேயே அவர் எழுத்தில் உண்மையின் வலிமை இருந்தது. அவர் தொடங்கிய 'தி இந்து' இன்றும் நாள்தோறும் வெளிவருகிறது.