போருக்குக் கொடுக்காத கமரா

அளவெட்டியிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த எங்களுக்கு வானத்து இரைச்சலைப் பிரித்தறியத் தெரியும். பொம்மர் வேறு, ஹெலி வேறு, மணிக்கணக்காக முனகிக்கொண்டு சுற்றும் வண்டு வேறு. வண்டு படம்தான் எடுக்கும். பின்னால் எது வரும் என்று தெரிந்ததால் அதற்கே கூடுதலாகப் பயந்தோம்.

வானிலிருந்து முதன்முதலில் படம் எடுத்தவர் யார் என்று ஊடகக் கற்கைகள் படித்தபோதுதான் அறிந்தேன். பெயர் பீலிக்ஸ் துர்னஷோன். உலகம் அறிந்தது நதார் என்ற புனைபெயரை. 1820இல் பாரிஸில் பிறந்தவர். கேலிச்சித்திரம் வரைந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்து, பிறகு கமராவுக்கு வந்தார். கவிஞர் பொதலேரும் நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டும் அவர் முன் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள்.

1858இல் கயிற்றில் கட்டிய பலூனில் ஏறினார். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் விட வேண்டும். ஆகவே பலூன் கூடைக்குள்ளேயே ஓர் இருட்டுக் கூடாரம். ஏறிய ஒவ்வொரு முறையும் தகடு கறுத்தே வந்தது. பலூனின் அடிவாயால் கசிந்த வாயுவில் இருந்த கந்தகம் தகட்டின் வெள்ளி உப்பைக் கெடுத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ஏறியபோது மங்கலாக ஒரு படம் விழுந்தது: பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்தின் சில கூரைகள். அந்தப் படம் இன்று இல்லை. எஞ்சியிருப்பதில் மிகப் பழையது, 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்த பொஸ்டன் நகரம்.

1859இல் மூன்றாம் நெப்போலியன் இத்தாலியில் ஆஸ்திரியாவோடு போருக்குப் போனார். எதிரியின் நிலைகளைப் பலூனிலிருந்து படமெடுத்துத் தரும்படி நதாரிடம் கேட்டார்கள். மறுத்துவிட்டதாக அவர் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் குடியரசுவாதி, பேரரசரைப் பிடிக்காததுதான் காரணமா, மனச்சாட்சியா? இரண்டும் என்றே நினைக்கிறேன்.

அகிம்சைவாதி என்றும் சொல்லிவிட முடியாது. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தபோது, மொண்மார்த்ர் குன்றடியில் பலூன் ஏற்றி எதிரியின் அசைவைக் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். செப்டெம்பர் 23ஆம் திகதி அங்கிருந்து ‘நெப்டியூன்’ என்ற பலூன் கடிதப் பைகளோடு முற்றுகையைத் தாண்டியது. அதன் பின் 60க்கும் மேற்பட்ட பலூன்கள் போயின. திரும்பி வந்த சேதிகளை நுண்படமாகச் சுருக்கிப் புறாக்கள் சுமந்தன. பொருளாதாரத் தடைக்குள் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த எங்கள் ஆட்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது பலாலியிலிருந்து சென்னைக்குச் சிறிய விமானம் போகிறது. நான் யன்னலோரம்தான் கேட்பேன். ஏறிய சற்று நேரத்தில் செம்மண் தோட்டங்களும் பனை வரிசைகளும் தெரியும். அளவெட்டியைத் தேடிக் கைப்பேசியில் எடுப்பேன். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிக்காரர் சிலர், எடுத்த படத்தைப் பெருப்பித்துத் தங்கள் கிணற்றைத் தேடுவதைக் கண்டிருக்கிறேன். வண்டு எங்களைப் பார்த்த அதே கோணம்.

நதாருக்குப் பலூனில் முழு நம்பிக்கை இருந்ததில்லை. காற்றைவிடக் கனமான இயந்திரமே நினைத்த திசைக்குப் பறக்கும் என்று 1863இல் சங்கம் அமைத்தார். யூல் வேர்ண் அதன் செயலாளர். பணம் திரட்டக் கட்டிய ‘இராட்சதன்’ என்ற பெரும் பலூன் ஜெர்மனியில் தரையோடு இழுபட்டு, அவரும் மனைவியும் காயப்பட்டதுதான் மிச்சம். 1909இல் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது கிழவர் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். 1910 மார்ச்சில், 90 வயதாகச் சில நாட்கள் இருக்கையில் காலமானார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி லிபியாவில் இத்தாலிய விமானி ஒருவர், விமானத்திலிருந்து குண்டுகளைக் கையால் எடுத்துக் கீழே போட்டார்.