ஐன்ஸ்டீனின் நாடு எது?

வடநாட்டில் படிக்கும் நம்மிடம் விண்ணப்பத்தாள்கள் சொந்த மாநிலத்தைக் கேட்கும்போதெல்லாம் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் என் நினைவுக்கு வருகிறார்.

1879இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர் அவர். பட்டாளக் கட்டுப்பாடு மிகுந்த பள்ளியும் கட்டாயப் படைச் சேவையும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1896இல், பதினாறாம் வயதில், தந்தையின் சம்மதத்தோடு பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தார். ஐந்தாண்டுகள் அவர் எந்நாட்டுக்கும் பிரஜை அல்லர்!

ஆயினும் இவருக்குச் சோறு போட்டது அரசாங்க உத்தியோகமே. 1901இல் சுவிஸ் பிரஜையாகி, மறு ஆண்டு பெர்ன் நகரில் பேடண்ட் அலுவலகத்தில் அமர்ந்தார். அங்கிருந்த நாளில்தான், 1905இல், சார்புக் கொள்கையை வெளியிட்டார். உபகாரச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

1914இல் பெர்லினுக்குப் போனார். அவ்வாண்டே போர் மூண்டது. ஜெர்மன் அறிஞர் 93 பேர் தம் நாட்டின் செயலை ஆதரித்து அறிக்கை விட்டனர். அதை மறுத்து எழுந்த அறிக்கையில் கையொப்பமிட்டோர் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். அவருள் ஐன்ஸ்டீன் ஒருவர். நாடே ஒருபுறம் நிற்கையில் தனித்து நிற்பது எளிதா என்ன?

1922இல் நோபெல் விழா நடந்தபோது அவர் ஜப்பானில் இருந்தார். அவருக்காகப் பரிசைப் பெற்றவர் ஜெர்மன் தூதர். இவர் யாருடைய பிரஜை என்ற கேள்வி எழ, ஜெர்மானியரே என்று பிரஷ்ய அகாதெமி தீர்ப்பளித்தது. பதினோராண்டு கழிந்து ஹிட்லர் வந்ததும், யூதரான இவர் அகாதெமியினின்றும் விலகினார். 1934இல் அதே ஜெர்மனி அவர் குடியுரிமையைப் பறித்தது.

1940இல் அமெரிக்கப் பிரஜையானார். சுவிஸ் உரிமையையும் விடவில்லை. 1952இல் இஸ்ரேலின் ஜனாதிபதிப் பதவி தேடி வந்தது, மறுத்துவிட்டார். 1955இல் பிரின்ஸ்டனில் காலமானார். அவருக்குச் சமாதி கிடையாது. அஸ்தி தூவப்பட்ட இடத்தை வெளியிடவும் இல்லை.