நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ்

ஏழைகட்குப் பரிந்து வழக்காடிப் புகழ்பெற்ற ஒருவர், நீதிபதியாய் அமர்ந்தபின் ஏழை ஒருவருக்குப் பாதகமாகத் தீர்ப்பெழுதினாரெனின், அவரைக் குறித்து நாம் யாது கருதுவோம்? லூயிஸ் பிராண்டைஸ் என்னும் பெரியாரின் சரிதம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

இவர் 1856-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் நாள், அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரிலே, பிராக் நகரினின்று குடியேறிய யூதப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். ஹார்வர்டு சட்டக் கலாசாலையிற் பயிலுங்கால் கண்பார்வை குன்றவே, தோழர் வாசிக்கக் கேட்டுப் பாடங்களை மனத்திற் பதித்து, 1877-இல் முதன்மையாகத் தேறினார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் வக்கீல் தொழில் நடத்திப் பொருளீட்டினார். பொதுநல வழக்குகட்கு ஊதியம் பெறாமையால் ஜனங்களின் வக்கீல் எனப் போற்றப்பெற்றார். 1916-இல் அதிபர் வில்சன் இவரைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நான்கு மாதங்கட்குப்பின் செனட் சபை 47-க்கு 22 வாக்குகளால் இசைந்தது. அம்மன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் இவரே.

அமெரிக்காவில் மாகாண நீதிமன்றங்களும் மத்திய நீதிமன்றங்களும் அருகருகே இயங்குவன. வெவ்வேறு மாகாணத்தார்க்கிடையே எழும் வழக்குகளை மத்திய மன்றத்திலும் தொடுக்கலாம். எழுத்துச் சட்டமில்லாத பொது விஷயங்களில், மத்திய மன்றம் மாகாண மன்றத் தீர்ப்புகளைப் பின்பற்ற வேண்டுவதில்லையென 1842-இல் முடிவாயிற்று. இதனால் ஒரே வழக்குக்கு இரு நீதிகள் உளவாயின. கெண்டக்கியிலிருந்த ஒரு டாக்சிக் கம்பெனி, தனக்கு அனுகூலமான நீதியை நாடி, டென்னஸியிற் புதிதாகப் பதிவு செய்துகொண்டு மத்திய மன்றம் புகுந்தது. 1928-இல் சுப்ரீம் கோர்ட்டார் அதனை ஏற்றபோது, ஹோம்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பிற் பிராண்டைஸும் சேர்ந்தார்.

1934-இல் பென்சில்வேனியாவில், இரவிலே இருப்புப்பாதை ஓரமாக நடந்து சென்ற டாம்ப்கின்ஸ் என்னும் எளியவர், சரக்கு ரயிலினின்று நீட்டிக்கொண்டிருந்த பொருள் தாக்கி வலக்கரத்தை இழந்தார். ஈரி ரயில்வே கம்பெனி அவருக்கு 30,000 டாலர் அளிக்கவேண்டுமென நியூயார்க்கு மத்திய மன்றத்து ஜூரிகள் தீர்மானித்தனர். பென்சில்வேனிய நெறியோ அத்துணைத் தயவுடையதன்று.

கம்பெனிக்கு உதவியபோது தாம் மறுத்த விதி, இப்பொழுது ஊனமுற்றவருக்கு உதவிற்று. எனினும் பிராண்டைஸ் நிலை பிறழ்ந்திலர். 1938 ஏப்ரல் 25-இல் அவர் எழுதிய தீர்ப்பு, மாகாணத்திற்குரிய விஷயங்களில் மாகாண மன்றங்கள் வகுத்த நெறியும் சட்டமேயென்றும், மத்திய நீதிபதிகள் தாமாகப் பொதுச் சட்டம் படைக்க அதிகாரமிலரென்றும் நிலைநாட்டிற்று. வழக்கு கீழ்மன்றத்திற்கு மீண்டது, டாம்ப்கின்ஸ் தோற்றார்.

பிராண்டைஸ் 1939-இல் ஓய்வுபெற்று, 1941 அக்டோபர் 5-இல் காலஞ்சென்றார். மாணவ நண்பர்களே! இரக்கம் அவரிடம் இல்லாமலில்லை. ஆயினும், வேண்டியவர்க்கு ஒன்றும் வேண்டாதவர்க்கு ஒன்றுமாக வளையும் கோல், நாளடைவில் வலியோர் பக்கமே சாயும் என்பதனை அவர் கண்டிருந்தார்.