கையடக்க அட்டைகளில் கடாரம் கொண்டான்

வரலாறு என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வு மண்டபமும் மனப்பாடம் செய்த ஆண்டுகளும்தான் நினைவுக்கு வரும். அதே வரலாற்றை விளையாடியும் அறியலாம் என்றால் நம்புவீர்களா? தாயமும் பல்லாங்குழியும் ஆடு புலி ஆட்டமும் கண்ட இனம் நம் இனம். அந்த நம்பிக்கையில்தான் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகப் போர் வியூகப் பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கும் முயற்சியில் நண்பர்கள் சிலர் இறங்கினோம். வரைபடம் ஒருவருக்கு, காய்கள் ஒருவருக்கு, விதிமுறை ஒருவருக்கு எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. நிகழ்வு அட்டைகள் என் பங்காயின. களம், பதினோராம் நூற்றாண்டின் வங்கக் கடல். நாயகன், முதலாம் இராஜேந்திர சோழன்.

நிகழ்வு அட்டை என்பது, காய்களை நகர்த்திக்கொண்டிருக்கும்போது ஆட்டத்தின் போக்கையே மாற்றவல்ல ஒரு சிறு அட்டை. அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். எப்போது அதை இறக்கலாம்? இறக்கினால் என்ன பயன்? அந்தப் பயனுக்கு என்ன விலை? இம்மூன்றையும் நான்கு வரிக்குள் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகள் அரசாண்ட ஒரு மாமன்னனின் வாழ்வை நான்கு நான்கு வரிகளாக நறுக்குவது எளிதா என்ன?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. பலகையின் ஒரு பக்கத்தில் சோழர் அமர்ந்தால், மறுபக்கத்தில் அமர்பவர் கடாரத்தரசர். கடாரம் என்பது இன்றைய கெடா. நாம் பிறந்து, தவழ்ந்து, பள்ளி சென்ற நாட்டின் ஒரு பகுதி. சோழன் வென்றான் என்று கைதட்டும் மலேசியத் தமிழ் மாணவன், எந்த மண் தோற்றது என்பதையும் அறிந்துதானே கைதட்ட வேண்டும்? ஆகவே, அட்டை எழுதும் முன் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பழைய நூலிலோ இல்லாத எதுவும் அட்டையில் வரக்கூடாது. வென்றவர் எழுதியதோடு தோற்றவர் எழுதியதையும் படிக்க வேண்டும்.

இளவரசு அட்டை

இராஜேந்திரனின் இயற்பெயர் மதுராந்தகன். தந்தை முதலாம் இராஜராஜன். தாய் வானவன் மாதேவி. ஆடித் திருவாதிரை அவன் பிறந்த நாள் என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டு காட்டுகிறது. 1012-இல் இளவரசுப் பட்டம் கட்டப்பட்டு, 1014-இல் தந்தை மறைந்ததும் தனித்து ஆளத் தொடங்கினான். அரியணை ஏறியபோது அவன் அனுபவமற்ற இளைஞன் அல்லன். தந்தையின் படைகளை நடத்திப் பழகிய தளபதி.

அந்தப் படையெடுப்புகளைப் பற்றி மறுதரப்பு என்ன சொல்கிறது? 1007-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கியரின் ஹொட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது இலட்சம் வீரரோடு வந்த சோழர் படை நாட்டைச் சூறையாடியது என்றும் பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்கவில்லை என்றும் குற்றஞ்சாட்டுகிறது. ஒன்பது இலட்சம் என்பது பகைவரின் மிகைக் கணக்காகவே இருக்கலாம். ஆனால், அந்தக் கல்லில் உள்ள வலியை மிகை என்று ஒதுக்கிவிட முடியுமா? எனவே இளவரசு அட்டை படைவலிமையைக் கூட்டும். அதே வேளையில் அண்டை நாட்டின் பகையையும் ஒரு படி கூட்டும்.

இந்த அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1018-இலேயே தன் மகன் இராஜாதிராஜனை இராஜேந்திரன் இளவரசனாக்கி ஆட்சியில் பங்களித்தான். அடுத்த மன்னன் யார் என்ற குழப்பத்திற்கே அங்கு இடமில்லை. ஆகவே, இதை முன்கூட்டியே இறக்கியவருக்கு ஆட்டம் முழுவதும் வாரிசுச் சண்டை வராது.

மணிமுடி அட்டை

சோழரிடம் தோற்ற பாண்டிய மன்னன் தன் மணிமுடியையும் குலச் சின்னங்களையும் ஈழத்தரசனிடம் அடைக்கலமாக வைத்திருந்தான். முதலாம் பராந்தகன் முயன்றும் அவை கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகச் சோழர் நெஞ்சில் உறுத்திய முள் அது. 1017-18 வாக்கில் இராஜேந்திரனின் படை ஈழம் முழுவதையும் கைப்பற்றி, அம்முடியையும் மீட்டது. ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தான் என்று மகாவம்சத் தொடர் கூறுகிறது. விகாரங்கள் கொள்ளையிடப்பட்டதையும் அதே நூல் ஆற்றாமையோடு பதிவு செய்கிறது.

ஈழத்தில் சோழர் வந்து போனவர்கள் அல்லர், தங்கி ஆண்டவர்கள். பொலன்னறுவையில் வானவன் மாதேவியின் பெயர் தாங்கிய சிவாலயம் இன்றும் நிற்கிறது. ஆகவே, மணிமுடி அட்டை ஆட்டக்காரருக்கு நிலத்தையே தருகிறது. விலை? அங்கே ஒரு படைக்காயை நிலையாக நிறுத்த வேண்டும். எடுத்தால் நிலம் போய்விடும்.

கங்கை நீர் அட்டை

அடுத்து வடதிசைப் பயணம். சோழர் படை சக்கரக்கோட்டம், ஒட்டர் நாடு, கோசலம் வழியே சென்று, வங்கத்துக் கோவிந்தசந்திரனையும் பாலர் குல மகிபாலனையும் போரில் சந்தித்தது. இராஜேந்திரன் கோதாவரிக் கரை வரை சென்று, திரும்பிய தன் படையை வரவேற்றான். படை கொண்டுவந்தது கங்கை நீர். அதன் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகரம் எழுந்தது. சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித் தூண் என்ற பொருள்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. பொன்னேரி என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் குறைந்ததாகத் தன் கோயிலைக் கட்டினான் மகன். 2004-இல் அக்கோயிலும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த அட்டையை எழுதும்போது நான் வியந்தது ஒன்றே. கங்கைச் சமவெளியில் ஒரு சிற்றூரைக்கூடச் சோழர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. எனவே இவ்வட்டை நிலம் தராது. புகழும் ஓர் ஏரியும் தரும். ஏரி அமைத்தவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் நெல் கூடும். போரில் பெற்றதை உழவுக்குத் திருப்பிய அந்த முடிவு, ஆட்டத்திலும் மெல்ல மெல்லப் பயன் தருகிறது.

கடாரம் அட்டை

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1025-இல் இராஜேந்திரனின் கடற்படை கடல் கடந்தது. கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். விச்சாதிரத் தோரணம் என்னும் அணிவாயில் கைப்பற்றப்பட்டது. தாக்கப்பட்ட இடங்களாகப் பதின்மூன்று பெயர்களை மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. சுமத்திராவின் ஸ்ரீவிஜயமும் பண்ணையும், இலங்காசோகம் எனப்படும் லங்காசுக்காவும், நிக்கோபாரான மாநக்கவாரமும் அவற்றுள் அடங்கும். பட்டியலின் முடிவில் நிற்பது கடாரம்.

எதற்காக இந்தப் படையெடுப்பு? மெய்க்கீர்த்தி காரணம் எதையும் கூறவில்லை. சீனத்துச் சோங் அரசோடு நடந்த வணிகத்தில் ஸ்ரீவிஜயம் இடைவழியில் அமர்ந்திருந்தது. அதுவே காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சோழத் தூதுக்குழுக்கள் 1015-இலும் 1033-இலும் சீன அரசவையை அடைந்திருப்பது அக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

எங்கள் குழுவில் அனல் பறந்த விவாதம் இந்த அட்டையைப் பற்றியதுதான். கடாரம் அட்டையை இறக்கியவருக்குத் தீபகற்பமே சொந்தமாக வேண்டும் என்று மூத்த மாணவரான அண்ணன் ஒருவர் வாதிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் இங்கே ஆண்டோம் என்று தம்பி தங்கைகள் நெஞ்சு நிமிர்த்த வேண்டாமா என்பது அவர் கேள்வி. அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிந்தது. தோட்டத்துக் கூலிகளாக வந்தவர்கள் என்ற ஒற்றை வரியில் நம் வரலாற்றை முடிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்? இருப்பினும் நான் உடன்படவில்லை. ஈழத்தில் கிடைப்பதுபோல், சோழ அதிகாரி வரி தண்டியதையோ ஊர்களை அளந்ததையோ காட்டும் கல்வெட்டு கெடாவில் கிடைக்கவில்லை. படை வந்தது, வென்றது, பொருளோடு திரும்பியது. அதற்கு மேல் எழுதினால் அது வரலாறு ஆகாது, ஆசை ஆகிவிடும்.

முடிவில் அட்டை இவ்வாறு அமைந்தது. பருவக்காற்று அட்டை கையில் இருந்தால் மட்டுமே இதை இறக்கலாம். கிழக்கே செல்லத் தென்மேற்குக் காற்று வேண்டும்; வீடு திரும்ப வடகிழக்குக் காற்று வேண்டும். ஒரே சுற்றில் பல துறைமுகங்களைத் தாக்கலாம். கருவூலம் நிறையும், நிலம் கிடைக்காது. காற்று மாறியதும் கப்பல்கள் நாகப்பட்டினம் திரும்பியாக வேண்டும். அண்ணன் நெடுநேரம் யோசித்துவிட்டு, காற்றுக்குக் கட்டுப்படும் மன்னன்தான் நம்பத்தகுந்த மன்னன் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

விகாரம் அட்டை

கடாரத்தரசர் தரப்புக்கும் வலிமையான அட்டை வேண்டுமல்லவா? அதைத் தேடியபோது கிடைத்தது ஆனைமங்கலச் செப்பேடு. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவனான இராஜராஜன் 1006 வாக்கில் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். தந்தை வாய்மொழியாக ஆணையிட்டதைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் யார் தெரியுமா? நம் இராஜேந்திரன்தான். எந்த அரசகுலத்தின் விகாரத்திற்குக் கொடையை உறுதி செய்தானோ, அதே அரசகுலத்தின் மீது பின்னர் படை அனுப்பினான். ஒரே மனிதனின் வாழ்வில் இவ்விரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பது அவனுக்கே நாம் செய்யும் அநீதி.

போருக்குப் பின்னும் உறவு அறுந்துவிடவில்லை. 1088-இல் சுமத்திராவின் பாருஸ் பகுதியில் தமிழ் வணிகர் கல்வெட்டு நட்டனர். 1090-இல் கடாரத்தரசனின் தூதர் கேட்டுக்கொண்டபடி, இராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரனான முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரத்தின் கொடைகளை மீண்டும் உறுதிப்படுத்தினான். 'செஜாரா மெலாயு'வில் கடலுக்கடியில் இறங்கிச் செல்லும் ராஜா சூலான், மலாய் அரச மரபின் முன்னோருள் ஒருவராகவே போற்றப்படுகிறார். அக்கதையில் சோழரின் நிழலைக் காணும் ஆய்வாளர் பலர். படையெடுத்தவனைப் பாட்டனாக ஏற்றுக்கொண்ட அந்தப் பெருமனத்தை எந்த அட்டையில் அடைப்பது? விகாரம் அட்டையை இறக்கினால், இரு தரப்புக்கும் ஒருசேர வணிகப் புள்ளிகள் கூடும். எங்கள் விளையாட்டில் இருவருக்கும் நன்மை தரும் ஒரே அட்டை இதுதான்.

கல்லூரியும் விளக்கும் தண்ணீரும்

போர் முடிந்த ஆண்டுகளுக்கும் அட்டைகள் உண்டு. எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட வேதக் கல்லூரிக்கு, அவனுடைய ஆட்சியில் நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்டன. மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் இவ்வளவு நெல் என்று கல்லிலே கணக்கிருக்கிறது. கல்விக் கடனை எண்ணிப் பெருமூச்சு விடும் நாம் சற்றே பொறாமைப்படலாம்! திருவாரூரில் மன்னனும் அணுக்கியார் பரவை நங்கையாரும் சேர்ந்து நின்று வழிபட்ட இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. பல நாடுகளை வென்றவனின் வாழ்வில் அந்தச் சிறு விளக்கும் ஒரு நிகழ்வுதான்.

1044-இல் பிரமதேசம் என்னும் ஊரில் இராஜேந்திரன் காலமானான். அவனுடைய தேவியருள் ஒருவரான வீரமாதேவி அவனோடு உடன்கட்டை ஏறினார். அவருடைய சகோதரரான சேனாபதி, தமக்கையின் தாகம் தணிய வேண்டி அவ்வூரில் தண்ணீர்ப் பந்தல் ஏற்படுத்தினார். கங்கை நீரைக் கொண்டுவந்தவனின் கதை, வழிப்போக்கர் அருந்தும் குவளைத் தண்ணீரில் வந்து முடிகிறது. படைத்தலைவர் ஒருவர் இறந்த பெண்ணின் தாகத்தை நினைத்ததைப் படித்தபோது, அந்த நெருப்பை எப்படிப் பெருமையாகப் பேசுவது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. எங்கள் விளையாட்டின் இறுதி அட்டையில் உடன்கட்டைக்குப் புள்ளி இல்லை. தண்ணீர்ப் பந்தலுக்கு உண்டு.

அட்டைகள் தயாரானதும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரைக் கொண்டு ஆடிப் பார்த்தோம். எல்லாரும் சோழராகவே அமர விரும்புவர் என்று எதிர்பார்த்தோம். கெடாவில் பாட்டி வீடு உள்ள ஒரு சிறுவன் மட்டும் கடாரத்தின் பக்கம் அமர்ந்தான். விகாரம் அட்டையை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்து, எதிரியின் கப்பல்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்த சுற்றில் இறக்கினான். ஆட்டம் சமனில் முடிந்தது. இருவரும் தமிழ்ப் பிள்ளைகள். இருவரும் மலேசியப் பிள்ளைகள். யார் தோற்றார் என்று வருந்த அங்கே எவரும் இல்லை.

அன்பர்களே! கடாரம் கொண்டான் என்ற பட்டத்தைச் சட்டையில் அச்சிட்டு அணிவது எளிது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதனை அறிய, கல்வெட்டுகளின் பதிப்புகளைப் புரட்ட வேண்டும். ஒரு விடுமுறையில் குனோங் ஜெராய் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிற்கும் சென்று வர வேண்டும். அங்குள்ள சண்டிகளின் கல்லடுக்குகளுக்கு முன் நிற்கும்போது, சோழனின் பெயரன் என்ற நினைவும் கடாரத்தின் பிள்ளை என்ற நினைவும் ஒன்றாகவே நம்முள் எழட்டும்.