சுப்பாராவ்: குருதிப் புற்றுநோயை முதலில் பணியவைத்த மருந்தின் பின்னால் நின்றவர்

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கப்படும் போலிக் அமில வில்லையை அறியாத வீடு மன்னாரில் இல்லை. அந்த வில்லைக்கும், குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு மகரகம வைத்தியசாலையில் வழங்கப்படும் மெதொட்ரெக்சேட் என்ற மருந்துக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் அவர் பிறந்தார். வறுமை நிறைந்த குடும்பம். சிறுவனாக இருக்கையில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார்தான் மீட்டு வந்து மீண்டும் படிக்க வைத்தார். மெட்ரிக்குலேசன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறையே சித்தியடைந்தார். ஒரு முறை பரீட்சையில் தவறியதும் புத்தகத்தை மூடிவைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய காலத்தில் அவர் சென்னையில் மாணவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலும்போது, அந்நியத் துணியைப் புறக்கணிக்கும் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியுடன் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

இதற்கிடையே, உணவின் சத்து உடலில் சேராமல் போகும் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அவரது சகோதரர் இருவர் சில நாட்கள் இடைவெளியில் இறந்தனர். அந்தத் துயரமே அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது. மாமனாரின் உதவியோடு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். விரைவில் திரும்புவதாக மனைவியிடம் சொல்லிச் சென்றவர், பின்னர் ஊர் திரும்பவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண் குழந்தையும் மழலையிலேயே இறந்தது. அவருடைய சாதனைகளுக்கு அந்த வீடும் விலை கொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது.

அமெரிக்காவில் வைத்தியசாலையொன்றில் இரவு வேலை செய்தே அவர் படித்தார். ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகள் இயங்கச் சக்தி தரும் ஏ.ரி.பி. என்ற பொருளையும் அவர்கள் இனங்கண்டனர். உயர்தர உயிரியல் மாணவிகள் தினமும் எழுதும் பெயர் அது. ஆயினும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கவில்லை. 1940இல் லெடெர்லே என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் போலிக் அமிலம் வருகிறது. 1930ஆம் ஆண்டளவில் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், பம்பாயின் கர்ப்பிணிப் பெண்களிடம் கண்ட ஒருவகைக் குருதிச்சோகை மார்மைற்றினால் குணமாவதைக் கண்டறிந்தார். நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் அதே மார்மைற்தான். அதிலிருந்த சத்துத்தான் பின்னாளில் போலிக் அமிலம் எனப்பட்டது. சுப்பாராவின் குழு 1940களின் நடுவில் அதை ஆய்வுகூடத்திலேயே தயாரித்தது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது.

பொஸ்டனில் சிட்னி பாபர் என்ற மருத்துவர், குருதிப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்கு அச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமாக வளர்ந்தது. கலம் பிரிய போலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய்க் கலமோ ஓயாமல் பிரிவது. அப்படியானால் அச்சத்தைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு, உருவத்தில் போலிக் அமிலத்தை ஒத்து, செயலில் அதைத் தடுக்கும் அமினோப்ரெரின் என்ற பொருளைச் செய்து கொடுத்தது. 1948 ஜூனில் பாபர் முடிவை வெளியிட்டார். 16 சிறுவர்களில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமானதே. ஆயினும் அதுவரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்த தாய்மாருக்கு அது முதல் நம்பிக்கை. அதன் நெருங்கிய உறவே மெதொட்ரெக்சேட். இன்று வசதி மிக்க நாடுகளில், சிறுவருக்கு அதிகம் வரும் குருதிப் புற்றுநோய் வகையில் பத்துக்கு ஒன்பது பேரளவில் பிழைக்கின்றனர்.

இம்மருந்துக்கு ஒரு குறை உண்டு. என்பு மச்சையில் வேகமாகப் பிரியும் நல்ல கலங்களையும் அது தாக்கும். நோயுற்ற கலத்தை மட்டும் குறிவைப்பது எப்படி என்ற தேடலில் இன்று பேசப்படுவது டெலோமரேசு என்ற நொதியம். ஒவ்வொரு பிரிவின்போதும் நிறமூர்த்தங்களின் நுனி சற்றுத் தேயும். இந்நொதியம் அதை நீட்டிக் கொடுக்கும். சாதாரண குருதிக் கலங்களில் இதன் செயற்பாடு மிகக் குறைவு. என்பு மச்சையின் மூலக் கலங்களில் ஓரளவு உண்டு. குருதிப் புற்றுநோய்க் கலங்கள் பலவற்றிலோ மிக அதிகம். எலிசபெத் பிளாக்பேர்னும் கரோல் கிரைடரும் 1984இல் இதைக் கண்டறிந்தனர். இரு பெண்களும் 2009இல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். டெலோமரேசைத் தடுக்கும் மருந்தொன்று, என்பு மச்சைக் கோளாறொன்றினால் வரும் குருதிச்சோகைக்காக 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

யானைக்கால் நோய்க்கான டீ.ஈ.சி. மருந்தும் சுப்பாராவின் ஆய்வுகூடம் தந்ததே. அதையும் பயன்படுத்தியே இலங்கை, அந்நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற நிலையை அடைந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

பாபரின் முடிவு வெளியாகி இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட்டில், 53 வயதில் சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். பெரும் பரிசு எதுவும் அவரைத் தேடி வரவில்லை. பரீட்சையில் தவறியவர், பட்டம் குறைக்கப்பட்டவர், பதவி மறுக்கப்பட்டவர் அவர். ஆனால் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து எழுந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையிலும் அவருடைய உழைப்பில் ஒரு பங்கு உண்டு. நம் மாணவிகளுள் ஒருத்தி நாளை அந்தத் தேடலில் சேர்ந்தால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.