அறிதலும் அறிவித்தலும்

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தி என்னும் சிற்றூரில் 1856ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு பிறந்தார். இளமையில் நாணு என அழைக்கப்பட்ட அவர் மலையாளம், வடமொழி, தமிழ் ஆகிய மும்மொழிகளையும் கற்றார். தைக்காடு அய்யா என்னும் தமிழ்ப் பெரியாரிடம் யோகம் பயின்றார். பின்னாளில் தமிழில் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தார்.

அவர் பிறந்த ஈழவர் குலத்தார்க்கு அக்காலக் கோயில்களுள் நுழைய உரிமையில்லை. எனவே 1888இல் நெய்யாற்றங்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றில் எடுத்த கல்லையே சிவலிங்கமாக நிறுவினார். சாதி மத வேறுபாடின்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழுமிடம் அது என அறிவித்தார்.

ஆயினும் சாதி இழிவு முற்றும் நீங்கவில்லை. மனம் நொந்த பலர் மதம் மாறுவதே வழி எனக் கருதினர். எம்மதம் சிறந்தது என்னும் வாதம் மூண்டது. 1921இல் மலபாரில் நிகழ்ந்த கலவரத்தின் புண்ணும் ஆறவில்லை. தம்மைச் சூழ்ந்தோர் பிரிந்து செல்லக்கூடிய அந்நாளிலும் குரு பிற சமயங்களைப் பழிக்கவில்லை. அச்சமயங்களின் அறிஞர்களைத் தம் ஆசிரமத்திற்கே அழைத்தார்.

1924 மார்ச்சுத் திங்களில், ஆலுவாய் அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாடு கூடியது. நீதிபதி சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே கூடுகிறோம் என்னும் கருத்து அங்கு எழுதி வைக்கப்பட்டது. இந்து, பௌத்த, கிறித்துவ, இசுலாமிய சமயங்களைச் சார்ந்தோர் தத்தம் நெறியை விளக்கினர், ஏனையோர் செவிமடுத்தனர். எல்லாச் சமயங்களையும் ஒத்த அன்புடன் கற்றால் பூசல் ஒழியும் என்பது குருவின் துணிபு. அதற்கென வர்க்கலையிலுள்ள சிவகிரியில் ஒரு கல்விக்கூடம் அமைக்கவும் திட்டமிட்டார்.

எர்னஸ்ட் கிர்க் என்னும் ஆங்கிலேயரைச் சீடராக ஏற்றபோதும், அவர்தம் பெயரையோ உடையையோ மாற்றுமாறு குரு பணிக்கவில்லை.

1928 செப்டம்பர் 20ஆம் நாள் குரு சிவகிரியில் சமாதியடைந்தார். அவர் தம் நெறியை மறைத்தவரல்லர். இறுதிவரை அத்வைதியாகவே வாழ்ந்தார். தம் நெறியில் உறுதியுடையார் பிறர் நெறியைக் கேட்க அஞ்சுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

சிந்தித்து விடை எழுதுக.

1. அருவிப்புறத்தில் குரு சிவலிங்கம் நிறுவியது ஏன்?

2. ஆலுவாய் மாநாட்டின் நோக்கம் யாது?

3. வேற்றுச் சமய நண்பரிடம் உம் பண்டிகையைப் பற்றி எவ்வாறு எடுத்துரைப்பீர்? அவரிடம் எவற்றைக் கேட்டறிவீர்?